கொதிநீரில் ஒரு பத்தாயம்: வெப்பவிரும்பி ஆர்க்கியாக்களின் கிளைக்கோஜன் மரபணுக்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடநூல்களில், குளுக்கோஸைச் சேமித்துவைக்கும் வடிவமான கிளைக்கோஜன் பற்றிய அத்தியாயம் கல்லீரலில் தொடங்கித் தசையில் முடிந்துவிடுகிறது. கந்தக ஊற்றுகளிலும் கடலடி எரிமலை வாய்களிலும் வாழும் நுண்ணுயிர்களுக்கும் அதே சேமிப்புப் பொருள் உண்டு என்றதும் கேள்விகள் வரிசைகட்டி வருகின்றன. உயிரியல் அடிப்படை தெரிந்தவர்களுக்காக அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஆர்க்கியா என்பது பாக்டீரியாவுக்கு இன்னொரு பெயரா?

இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். அதனால்தான் வெகுகாலம் இரண்டும் ஒரே கூடையில் கிடந்தன. 1977-ல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் ஆர்என்ஏவின் வரிசையை ஒப்பிட்டு, இவை தனிக் குலம் என்று காட்டினார்கள். கருவில்லாத எளிய செல் என்ற அளவில் இவை பாக்டீரியாவைப் போன்றவை. மரபணுவைப் படித்து ஆர்என்ஏ எழுதும் இயந்திரமோ நம் செல்களில் இருப்பதற்கு நெருங்கிய உறவு. இந்தக் கலப்புக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிளைக்கோஜன் கதையிலும் அது தலைகாட்டும்.

'வெப்பவிரும்பி' என்றால் எவ்வளவு வெப்பம்?

இந்தப் பக்கத்தில் அடிக்கடி வரப்போகும் மூன்று பேரைச் சொல்லிவிடுகிறேன். சல்ஃபோலோபஸ் அசிடோகால்டேரியஸ், தாமஸ் பிராக் குழுவினர் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஊற்றுகளிலிருந்து பிரித்து 1972-ல் அறிவித்தது. அதற்கு 75 முதல் 80 டிகிரி செல்சியஸும், எலுமிச்சைச் சாற்றை ஒத்த புளிப்பும் வேண்டும். தெர்மோகாக்கஸ் கொடகரென்சிஸ், ஜப்பானின் ககோஷிமா மாகாணத்துக் கொடகரா தீவிலிருந்து வந்தது. 85 டிகிரியில் நன்றாக வளரும். பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ், இத்தாலியின் வுல்கானோ தீவில் ஃபியாலாவும் ஸ்டெட்டரும் கண்டெடுத்து 1986-ல் விவரித்தது. இதற்கு உகந்தது 100 டிகிரி. இட்லிப் பானைக்குள் ஆவி சுற்றும் அந்தச் சூட்டில் இது நாற்பது நிமிடத்துக்குள் இரட்டிப்பாகிறது.

கிளைக்கோஜன் விலங்குகளின் சமாச்சாரம் அல்லவா?

அப்படித்தான் பள்ளியில் சொல்லித்தருகிறார்கள். உண்மையில் பாக்டீரியாவிலும் ஈஸ்ட்டிலும் அது உண்டு. 1982-ல் கோனிக், ஸ்கோர்கோ, சில்லிக், ரைட்டர் ஆகியோர் சல்ஃபோலோபஸ், தெர்மோபுரோட்டியஸ், டெசல்ஃபுரோகாக்கஸ், தெர்மோகாக்கஸ் என்ற நான்கு பேரினங்களிலும் கிளைக்கோஜன் இருப்பதை வெளியிட்டார்கள். அமைப்பும் நமக்குப் பழகியதுதான். குளுக்கோஸ் அலகுகள் ஆல்ஃபா 1,4 பிணைப்பில் நீண்ட சரமாகக் கோக்கப்பட்டிருக்கும். இடையிடையே ஆல்ஃபா 1,6 பிணைப்பில் கிளை பிரியும். அயோடின் விட்டால் சோற்றுக் கஞ்சி கருநீலமாகும், கிளைக்கோஜன் செம்பழுப்பாகும். சரங்கள் குட்டையாகவும் கிளைகள் நெருக்கமாகவும் இருப்பதால் வரும் நிற வேறுபாடு இது.

சேமிக்க வேண்டுமானால் குளுக்கோஸாகவே வைத்துக்கொள்ளலாமே?

நெல்லை முற்றத்தில் கொட்டிவைக்காமல் பத்தாயத்தில் போடுவதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் தனித்தனியே மிதந்தால் செல்லுக்குள் நீர் புகுந்து அது வீங்கும். அவற்றையே ஒரு துகளாகக் கட்டிவிட்டால் சவ்வூடுபரவல் கணக்கில் அது ஒன்றே ஒன்று. வெப்பவிரும்பிகளுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. தனிக் குளுக்கோஸின் முனை, சூட்டில் புரதங்களின் அமினோ தொகுதியோடு வினைபுரியும். ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் இந்த வினையால்தான். 100 டிகிரியில் செல்லுக்குள் சர்க்கரையைத் திறந்து போட்டுவைத்தால் புரதங்கள் மெல்ல வறுபடும். கிளைக்கோஜன் துகளில் அப்படி வினைபுரியும் முனை சரத்துக்குச் சரம் கிடையாது, துகளுக்கு ஒன்றுதான்.

கிளைக்கோஜன் கட்ட எத்தனை மரபணுக்கள் வேண்டும்?

வேலையைப் பிரித்துப் பார்த்தால் மூன்று கைகள் வேண்டும். குளுக்கோஸ்-1-பாஸ்பேட்டை ஒரு நியூக்ளியோடைடோடு சேர்த்து வினைக்குத் தயார் செய்வது ஒன்று. அந்தக் குளுக்கோஸைச் சரத்தில் கோப்பது கிளைக்கோஜன் சிந்தேஸின் வேலை. கோத்த சரத்தை வெட்டிப் பக்கவாட்டில் ஒட்டுவது கிளையிடும் நொதியின் வேலை.

விலங்குகளில் முதல் படி யூரிடின் டைபாஸ்பேட் குளுக்கோஸ் வழியாக நடக்கிறது; பாக்டீரியாவில் அடினோசின் டைபாஸ்பேட் குளுக்கோஸ் வழியாக. பைரோகாக்கஸின் சிந்தேஸ் இந்த இரண்டையும் ஏற்கிறது. புரதக் குடும்பமாகப் பார்த்தால் அது பாக்டீரியா, தாவர சிந்தேஸ்கள் உள்ள ஐந்தாவது சர்க்கரை மாற்றி (கிளைக்கோசில் ட்ரான்ஸ்ஃபரேஸ்) குடும்பத்தில் இருக்கிறது; விலங்குகளுடையது மூன்றாவது குடும்பம். 2006-ல் பைரோகாக்கஸ் அபிஸ்ஸியின் சிந்தேஸ் படிக அமைப்பு வெளியானபோது, ஆர்க்கியா நொதியை வைத்து விலங்கு நொதிகள் எப்படிக் கூட்டாக அமர்ந்து வேலை செய்கின்றன என்பதையும் அந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

சல்ஃபோலோபஸின் கிளைக்கோஜன் சிந்தேஸை முதலில் வேறு நொதி என்று நினைத்தார்களாமே?

ஆமாம், இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கதை இது. 1989-ல் ஸ்கோர்கோ, ஓசிபியுக், ஸ்டெட்டர் ஆகியோர் சல்ஃபோலோபஸ் அசிடோகால்டேரியஸின் கிளைக்கோஜன் துகளில் ஒட்டிக்கொண்டிருந்த 57 கிலோடால்டன் எடையுள்ள புரதம் ஒன்றைத் தூய்மைப்படுத்தினார்கள். குளுக்கோஸைக் கோக்கும் திறனோடு, பாஸ்பேட்டுகளைச் சங்கிலியாகக் கோக்கும் பாலிபாஸ்பேட் கைனேஸ் திறனும் அதற்கு இருப்பதாக அறிவித்தார்கள். ஆர்க்கியாவில் அப்படியொரு நொதி கிடைத்தது செய்திதான்.

பிறகு மரபணுத் தொகுதிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. தெரிந்த பாலிபாஸ்பேட் கைனேஸ்களை ஒத்த மரபணு எந்த ஆர்க்கியாவிலும் அகப்படவில்லை. சிலி நாட்டில் கார்லோஸ் ஹெரெஸின் குழு அதே பழைய முறையில் அதே புரதத்தை மறுபடி பிரித்தெடுத்தது. இப்போது பாலிபாஸ்பேட்டை மட்டுமே காட்டிக்கொடுக்கும் நொதிச் சோதனைகள் கைவசம் இருந்தன. சோதித்தால் பாலிபாஸ்பேட்டே உருவாகவில்லை. முன்பு விளைபொருள் என்று கருதப்பட்டது, பெரும்பாலும் கிளைக்கோஜனில் ஒட்டிக்கொண்ட, செல்லின் ஆற்றல் நாணயமான அடினோசின் ட்ரைபாஸ்பேட்தான் என்ற முடிவுக்கு வந்தார்கள். பிறகு புரதத்தின் வரிசையிலிருந்து பின்னோக்கிப் போய் மரபணுவைப் பிடித்தார்கள். அது எந்தக் கைனேஸையும் ஒக்கவில்லை. கிளைக்கோஜன் சிந்தேஸ்களை ஒத்திருந்தது. அந்த மரபணு தந்த புரதம் குளுக்கோஸை மட்டுமே கோத்தது. 2001-ல் வெளியான கட்டுரையின் தலைப்பே சுற்றிவளைக்காமல் 'அது உண்மையில் கிளைக்கோஜன் சிந்தேஸ்' என்று சொல்கிறது.

முதல் குழுவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கிளைக்கோஜன் பிசின் போன்றது, பக்கத்தில் வருவதையெல்லாம் இழுத்து ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு புரதம் தவறான பெயரோடு உலவியது என்பதுதான் கவனிக்க வேண்டியது. இந்தத் துறையில் இது ஒரே ஒரு தடவை நடந்த விபத்தும் இல்லை.

கிளையிடும் நொதியை மட்டும் ஏன் நெடுநாள் காணவில்லை?

தேடியவர்கள் தெரிந்த முகத்தைத் தேடினார்கள். பாக்டீரியா, விலங்கு, தாவரக் கிளையிடும் நொதிகளில் பெரும்பாலானவை, சர்க்கரைப் பிணைப்புகளை வெட்டும் நொதிகளான கிளைக்கோசைடு உடைப்பிகளின் 13-ஆம் குடும்பம். தெர்மோகாக்கஸ் கொடகரென்சிஸின் மரபணுத் தொகுதி 2005-ல் வெளிவந்தது: சுமார் 20.9 லட்சம் எழுத்துகள், 2,306 புரத மரபணுக்கள். 2006-ல் முராகாமி முதலானோர் அதிலிருந்து டிகே1436 என்ற எண்ணுள்ள மரபணுவை எடுத்து அதன் புரதத்தைச் சோதித்தார்கள். அது 57-ஆம் குடும்பம். அமைப்பு வேறு, மடிப்பு வேறு. ஆனால் சரத்தை வெட்டிக் கிளையாக ஒட்டும் வேலையைச் செய்தது.

இந்த 57-ஆம் குடும்பத்தின் பிறப்பே பெயர்க் குழப்பத்தில்தான். 1993-ல் பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸின் செல்லுக்குள் இருக்கும் ஒரு நொதியின் மரபணுவைப் பிரித்து, ஸ்டார்ச்சை உடைக்கும் நொதியின் பெயரான ஆல்ஃபா அமைலேஸ் என்பதை அதற்கு இட்டார்கள். வழக்கமான அமைலேஸ்களோடு அதன் வரிசை ஒத்துப்போகாததால் புதுக் குடும்பமே திறக்க வேண்டியதாயிற்று. பிறகு தெர்மோகாக்கஸ் லிட்டோரலிஸில் அதன் நெருங்கிய உறவை ஆராய்ந்தபோது, அது சரங்களை உடைத்துப் போடுவதைவிட ஒரு சரத்தின் துண்டை இன்னொன்றுக்கு மாற்றுவதில் வல்லது என்று தெரிந்தது. உடைப்பி அல்ல, மாற்றி. தரவுத்தளங்களில் இன்றும் இந்தக் குடும்பத்துப் புரதங்கள் பலவற்றின் மேல் 'அமைலேஸ்' என்ற பழைய சீட்டு ஒட்டியிருக்கிறது.

சேமித்ததை எடுப்பது எப்படி?

இரண்டு வழிகள். பாஸ்பேட்டைக் கொண்டு நுனியிலிருந்து ஒவ்வொரு குளுக்கோஸாகக் கழற்றுவது ஒன்று. பாஸ்போரிலேஸ் நொதி செய்வது, கிடைப்பது குளுக்கோஸ்-1-பாஸ்பேட். நீரைக் கொண்டு வெட்டுவது மற்றொன்று. கிடைப்பது வெறும் குளுக்கோஸ். எந்த வழியானாலும் கிளை முடிச்சில் வேலை நின்றுவிடும். அங்கே கிளைநீக்கும் நொதி வர வேண்டும்.

சல்ஃபோலோபஸ் இனத்தில் அந்த நொதிக்கு ட்ரெக்ஸ் என்று பெயர். டிரிஹலோஸ் என்ற சர்க்கரையை உண்டாக்கும் இரண்டு நொதிகளின் மரபணுக்கள் பக்கத்திலேயே இருக்க, அவற்றோடு சேர்ந்து இதற்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. கிளையை வெட்டுவது, துண்டை மாற்றி ஒட்டுவது என்று இரண்டு வேலைகளை ஒரே புரதம் செய்கிறது. மரபணுக்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதில் பொருள் உண்டு: கிளைக்கோஜனின் கிளைகள் வெட்டுப்பட்டால் கிடைக்கும் குட்டைச் சரங்கள்தான் டிரிஹலோஸ் செய்யக் கச்சாப்பொருள். பத்தாயத்து நெல் ஒரு பக்கம் சோறாகவும் மறுபக்கம் அவலாகவும் போகிறது.

எல்லா வெப்பவிரும்பிகளும் குளுக்கோஸை ஒரே வழியில்தான் எரிக்கின்றனவா?

இல்லை, இங்கேதான் மரபணுக்களின் அக்கம்பக்கம் பேசுகிறது. ஐஸ்லாந்தில் கண்டெடுத்த தெர்மோபுரோட்டியஸ் டெனாக்ஸில் குளுக்கோஸ் எரிப்புக்கு இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, நமக்குள் நடப்பதை ஒத்த எம்டன்-மேயர்ஹாஃப் பாதையின் மாற்றுருவம். மற்றது என்ட்னர்-டவுடரோஃப் பாதையின் மாற்றுருவம். இதில் முதல் படிகளில் பாஸ்பேட்டே சேர்வதில்லை. இந்த இரண்டாவது பாதையின் மரபணுக்கள் ஒரு கொத்தாக இருக்கின்றன. அந்தக் கொத்துக்குள்ளேயே, கிளைக்கோஜனை நீரால் வெட்டி வெறும் குளுக்கோஸ் தரும் நொதியின் மரபணுவும் உட்கார்ந்திருக்கிறது.

கணக்கு அழகாகப் பொருந்துகிறது. பாஸ்பேட் தேவையில்லாத பாதைக்கு வெறும் குளுக்கோஸ் போதும். பாஸ்பேட் ஒட்டிய குளுக்கோஸ் முதல் பாதைக்குப் போகட்டும். ஒரே பத்தாயத்துக்கு இரண்டு வாசல், வாசலுக்கு ஏற்ற வண்டி.

அடினோசின் ட்ரைபாஸ்பேட்டுக்குப் பதிலாக டைபாஸ்பேட்டைச் செலவழிக்கின்றன என்று படித்தேன். அச்சுப்பிழையா?

அச்சுப்பிழை இல்லை. ஆனால் தமிழில் சுருக்கி எழுதினால் இரண்டுமே 'ஏடிபி' ஆகிவிடும் வம்பு இருப்பதால் முழுப்பெயரையே எழுதுகிறேன். பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸில் குளுக்கோஸுக்குப் பாஸ்பேட் ஏற்றும் நொதியும், பின்னர் இன்னொரு பாஸ்பேட்டை ஏற்றும் பாஸ்போஃப்ரக்டோகைனேஸும் டைபாஸ்பேட்டைச் செலவழிப்பதை 1994-ல் நெதர்லாந்தின் வாகனிங்கன் குழு காட்டியது.

சூட்டில் ட்ரைபாஸ்பேட் எளிதில் சிதையும், டைபாஸ்பேட் அதைவிடத் தாக்குப்பிடிக்கும், அதனால்தான் இந்த ஏற்பாடு என்று முதலில் விளக்கினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கு நம்பிக்கையில்லை. கிளைக்கோஜன் சேமிக்கும், மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்களில், மிதமான வெப்பத்தில் வாழ்பவற்றிலும் இதே வகைப் பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் இருப்பது 2001-ல் தெரியவந்தது. சூடே இல்லாத இடத்தில் அது எதற்கு? ஆற்றல் தீர்ந்து பத்தாயத்தைத் திறக்க வேண்டிய நேரத்தில் செல்லில் மிஞ்சிக்கிடப்பது டைபாஸ்பேட்தான். அதைக் கொண்டே எரிப்பைத் தொடங்கலாம் என்ற விளக்கம் எனக்கு நியாயமாகப் படுகிறது.

எப்போது கட்டுவது, எப்போது உடைப்பது என்று யார் தீர்மானிக்கிறார்கள்?

தெர்மோகாக்கஸ் கொடகரென்சிஸில் டிஜிஆர் என்ற ஒழுங்குபடுத்தும் புரதம். அது டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட அடையாளத்தைத் தேடிப்போய் உட்காரும்: ஆறு எழுத்துகள், ஐந்து எழுத்து இடைவெளி, மறுபடி ஆறு எழுத்துகள். எதிரிழையில் படித்தாலும் அதே வரிசை வரும், நம் 'விகடகவி' போல.

நுட்பம் அந்த அடையாளம் இருக்கும் இடத்தில் இருக்கிறது. சர்க்கரையை எரிக்கும் மரபணுக்களில் அது, படிக்கும் இயந்திரம் உட்காரும் இடத்துக்குப் பின்னால் இருக்கும். டிஜிஆர் அங்கே அமர்ந்தால் பாதை அடைபட்டு மரபணு மௌனமாகும். சர்க்கரையைக் கட்டும் மரபணுக்களில் அது முன்னால் இருக்கும். அதே டிஜிஆர் அங்கே அமர்ந்தால் இயந்திரத்தை வரவேற்று உட்காரவைக்கும். ஒரே ஆள், வாசலின் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்துக் காவலராகவோ உபசரிப்பவராகவோ ஆகிறார். மால்ட்டோஸ் வகைச் சரங்கள் செல்லுக்குள் வந்தால் டிஜிஆர் இடத்தை விட்டு இறங்கிவிடும், எரிப்பு தொடங்கும்.

2007-ல் கனாய் முதலானோர் டிஜிஆர் மரபணுவையே நீக்கிப் பார்த்தார்கள். சர்க்கரைச் சரங்கள் கொடுத்தால் அந்தத் திரிபு வழக்கம்போல் வளர்ந்தது. சர்க்கரையைத் தானே கட்டிக்கொள்ள வேண்டிய பைருவேட் ஊடகத்தில் தடுமாறியது.

கொதிக்கும் உயிரில் மரபணுவை நீக்குவது எப்படிச் சாத்தியம்?

ஒவ்வொரு படியும் இடக்கு. முதலில் தட்டு. நுண்ணுயிரியலாளர்கள் கூட்டங்களை அகர் மேல் வளர்ப்பார்கள். அகர் என்பது கடையில் விற்கும் சைனா கிராஸ் பிசின்தான். 85 டிகிரியை நெருங்கும்போது அது குழம்பாகிவிடும். அதனால் சூட்டைத் தாங்கும் ஜெல்லன் பிசினுக்கு மாறினார்கள். தட்டு காய்ந்து போகாமல் மூடிய கலத்துக்குள் ஈரம் காக்க வேண்டும். தெர்மோகாக்கஸுக்கு ஆக்சிஜனும் ஆகாது.

அடுத்தது தேர்வு. மரபணு மாறிய செல்லை மட்டும் பிழைக்கவிட வழக்கமாக ஆன்டிபயாட்டிக் போடுவார்கள். பலவும் இந்தச் சூட்டில் சிதையும். எஞ்சியவை ஆர்க்கியாவைத் தொடுவதில்லை. கியோட்டோ பல்கலைக்கழகக் குழு 2003-ல் வேறு வழி எடுத்தது: ஆர்என்ஏ எழுத்துகளில் ஒன்றான யுராசிலைத் தயாரிக்கத் தெரியாத தெர்மோகாக்கஸ் திரிபை உண்டாக்கி, அந்தத் திறனைத் திருப்பிக்கொடுக்கும் மரபணுவை வேண்டிய மாற்றத்தோடு சேர்த்து உள்ளே அனுப்பினார்கள். யுராசில் இல்லாத ஊடகத்தில் பிழைப்பது மாற்றம் ஏற்றது மட்டுமே. பின்னாளில் கொழுப்பைக் குறைக்க மருத்துவர்கள் எழுதித்தரும் சிம்வாஸ்டாட்டினும் கைகொடுத்தது. நம் உடலில் கொலஸ்ட்ரால் உண்டாகும் பாதையின் தொடக்கப் படிகளும் ஆர்க்கியாவின் செல் சவ்வுக் கொழுப்பு உண்டாகும் பாதையின் தொடக்கப் படிகளும் ஒன்றுதான்.

சல்ஃபோலோபஸ் சோல்ஃபடாரிகஸில் (2018-க்குப் பின் சாக்கரோலோபஸ் என்று பெயர் மாறியது) லாக்டோஸை உண்ண உதவும் மரபணுவைக் கருவியாக்கி, செல்லுக்கு வெளியே சுரக்கும் ஆல்ஃபா அமைலேஸின் மரபணுவை 2003-ல் உடைத்தார்கள். அந்தத் திரிபுக்கு ஸ்டார்ச்சையோ கிளைக்கோஜனையோ மட்டும் உணவாகக் கொடுத்தால் வளரவில்லை. வெளியே கிடக்கும் கிளைக்கோஜனை உண்பதற்கும் உள்ளே தான் கட்டியதை எடுப்பதற்கும் வெவ்வேறு நொதிகள் என்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

டிஎன்ஏவே உருகிப் பிரிந்துவிடாதா?

இழைகளை இறுக்கமாகப் பிணைக்கும் ஜி, சி எழுத்துகள் இவற்றின் டிஎன்ஏவில் அதிகம் என்று பலரும் ஊகிப்பார்கள். பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸில் அவை சுமார் 41 சதவீதம்தான்; ஆய்வகங்களில் வளர்க்கும் குடல் பாக்டீரியாவான ஈ.கோலையைவிடக் குறைவு. உப்புகள், டிஎன்ஏவோடு ஒட்டும் புரதங்கள், டிஎன்ஏவை இறுக்கி முறுக்கும் ரிவர்ஸ் ஜைரேஸ் எல்லாம் சேர்ந்து காக்கின்றன.

இந்த மரபணுக்கள் பரம்பரையாக வந்தவையா, கடன் வாங்கியவையா?

இரண்டும் கலந்தது. கடனுக்குத் தெளிவான சாட்சி மால்ட்டோஸ், டிரிஹலோஸ் இறக்குமதி மரபணுக்கள். பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸிலும் தெர்மோகாக்கஸ் லிட்டோரலிஸிலும் சுமார் 16,000 எழுத்துள்ள ஒரு துண்டு ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறது. பேரினம் வேறான இரண்டு உயிர்களில் இவ்வளவு ஒற்றுமை என்றால் அண்மையில் கைமாறியது என்றுதான் பொருள். பைரோகாக்கஸில் அந்தத் துண்டின் இரு ஓரங்களிலும் தாவும் மரபணுக்கள், பெட்டியின் கைப்பிடிகளைப் போல, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இதனால் யாருக்கு என்ன லாபம்?

ஸ்டார்ச் ஆலைகள் மாவுக்கூழை 100 டிகிரிக்கு மேல் வேகவைத்துத்தான் உடைக்கின்றன. அந்தச் சூட்டில் வேலை செய்யும் நொதிகளுக்குத் தேவை இருக்கிறது. இந்த உயிர்களின் புகழ் வேறு இடத்தில். டிஎன்ஏவைப் பன்மடங்காகப் பெருக்கும் பிசிஆர் முறையைச் செய்தவர்கள் அறிந்த, டிஎன்ஏவை நகலெடுக்கும் 'பிஃபு', 'கோட்' பாலிமரேஸ்கள் முறையே பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ், தெர்மோகாக்கஸ் கொடகரென்சிஸ் வீட்டுப் பிள்ளைகள்.

தரவுத்தளத்தில் 'கிளைக்கோஜன் சிந்தேஸ்' என்று தேடி ஒரு ஆர்க்கியா மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டேன். இனி என்ன செய்வது?

முதலில் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். யாராவது புரதத்தைக் கையில் எடுத்துச் சோதித்தார்களா, அல்லது கணினி ஒப்புமையை வைத்து ஒட்டிய சீட்டா? பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். அடுத்து, இடமும் வலமும் எந்த மரபணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். தெர்மோபுரோட்டியஸில் பார்த்ததைப் போல அண்டை வீட்டார் சில சமயம் உண்மையைச் சொல்வார்கள்.

ஆய்வக வசதி இருந்தால் மேலும் போகலாம். மரபணுவை ஈ.கோலைக்குள் வைத்துப் புரதத்தைச் செய்யச் சொல்லுங்கள். செல்களை உடைத்த சாற்றை 80 டிகிரி நீர்த்தொட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். சில நிமிடங்களிலேயே சாறு திரிந்த பால் போலக் கலங்கும், ஈ.கோலையின் சொந்தப் புரதங்கள் வெந்து திரள்கின்றன. சுழற்றினால் அவை வெள்ளைக் கட்டியாக அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்கும் நீரில் உங்கள் புரதம் ஏறக்குறையத் தனியாக இருக்கும். யூரிடின் டைபாஸ்பேட் குளுக்கோஸ் ஒரு குழாயிலும் அடினோசின் டைபாஸ்பேட் குளுக்கோஸ் இன்னொரு குழாயிலும் வைத்து, தொடக்கச் சரமாகக் கொஞ்சம் கிளைக்கோஜன் சேருங்கள். சோதனையை அந்த உயிர் வாழும் சூட்டிலேயே செய்யுங்கள். 37 டிகிரியில் செய்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று எழுதிவிடாதீர்கள். அதற்கு அது உறைபனி.